வாரத்தில் பன்னிரண்டு மணி நேரம்

மாணவி, இளம் அறிவியல் இரண்டாம் ஆண்டு, வேதியியல்

“கிட்னி போயிடுச்சாமே, பாவம்! இனி எத்தன நாளோ?”

என் தாயைப் பற்றி எங்கள் தெருவில் எழுந்த முதல் பேச்சு இதுதான். பேசியவர்கள் கெட்டவர்கள் அல்லர். மருத்துவமனைக்கு வந்து ஆரஞ்சுப் பழமும் இளநீரும் வாங்கி வைத்துவிட்டுக் கண் கலங்கிப் போனவர்கள். (அந்த இரண்டுமே சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு ஆகாதவை என்பது அவர்களுக்கும் தெரியாது, அன்று எங்களுக்கும் தெரியாது.) அவர்கள் கண்ணீர் உண்மையானது. ஆனால் ஐந்து மாதம் கழித்து அம்மா மீண்டும் அடுப்பை மூட்டி இட்லிப் பானையை ஏற்றியபோது, அதே நல்லவர்கள் எங்கள் கடையைத் தாண்டி அடுத்த தெருவுக்குப் போய் இட்லி வாங்கினார்கள் என்பதும் உண்மை. பாவம் என்று சொல்ல வாய் வந்தது. கையால் வாங்கி உண்ண மனம் வரவில்லை!

டயாலிசிஸ் செய்துகொள்பவர் என்றால் பாதி இறந்தவர் என்று நாம் கணக்கெழுதி விடுகிறோம். அந்தக் கணக்குத் தவறு என்று சொல்லவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன். சான்றுக்கு நான் எங்கும் அலைய வேண்டியதில்லை. எங்கள் வீட்டு அடுப்படியிலேயே இருக்கிறது.

முதலில் சிறுநீரகத்தைப் பற்றிச் சில சொற்கள். முதுகுப் புறத்தில் விலா எலும்புகளின் அடிவாரத்தில் அவரை விதை வடிவில் இரண்டு உறுப்புகள். ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ பத்து லட்சம் நெஃப்ரான்கள். நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீர்மத்தை வடித்து, அதில் ஒன்றரை லிட்டர் அளவை மட்டும் சிறுநீராக வெளியேற்றிவிட்டு, மீதியை இரத்தத்துக்கே திருப்பிக் கொடுக்கின்றன. கழிவை நீக்குவது மட்டுமா? இரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்துவதும், சிவப்பணுக்களை உண்டாக்க எலும்பு மச்சைக்குக் கட்டளை அனுப்புவதும் இவற்றின் வேலையே. இவ்வளவையும் சத்தமில்லாமல் செய்கின்றன. கெடும்போதும் சத்தமில்லாமலேயே கெடுகின்றன. பெரும்பகுதி வேலை நின்ற பிறகுதான் கால் வீக்கம், மூச்சிரைப்பு, வாந்தி என்று அறிகுறிகள் வெளியே தெரிகின்றன.

என் தாய்க்கும் அப்படித்தான். பதினான்கு ஆண்டுகளாக விடியற்காலை மூன்றரை மணிக்கு எழுந்து அடுப்பின் முன் நின்றவர். இடுப்பு வலிக்கும். மருந்துக் கடையில் “வலிக்கு ஒரு மாத்திரை” என்று கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வார். சீட்டுக் கேட்டவர் யாருமில்லை. இரத்த அழுத்தம் இருந்ததா என்றால், அளந்து பார்த்தால்தானே தெரியும்! மருத்துவமனையில் முதன்முதலாக அளந்தபோது 190-க்கு 110. அழுத்தமும் ஆண்டுக்கணக்கில் விழுங்கிய வலி மாத்திரைகளும் சேர்ந்து சிறுநீரகங்களைச் சுருக்கிவிட்டன என்று மருத்துவர் சொன்னார். நான் இக்கல்லூரியில் முதலாண்டு சேர்ந்து அப்போது ஒன்றரை மாதம்தான் ஆகியிருந்தது.

முதலில் ஒரு தனியார் மருத்துவமனைக்குத்தான் ஓடினோம். மூன்று முறை டயாலிசிஸ் செய்வதற்குள் அம்மாவின் கம்மலும், அப்பா சந்தையில் மூட்டை தூக்கிச் சேர்த்த சீட்டுப் பணமும் தீர்ந்தன. “வாழ்நாள் முழுக்க வாரத்திற்கு மூன்று முறை” என்று அங்கிருந்த ஒருவர் விரலை நீட்டிக் கணக்குச் சொன்னபோது அப்பா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். அரசு மருத்துவமனையில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டையைக் கொண்டு கட்டணமில்லாமல் செய்கிறார்கள் என்பதை எங்களுக்குச் சொன்னவர் அந்த மருத்துவமனை வாசலில் நின்ற ஓர் ஆட்டோ ஓட்டுநர். படித்தவர்கள் பலர் சொல்லாததை அவர் சொன்னார். அன்று முதல் இன்று வரை அம்மாவின் மருத்துவம் அரசு மருத்துவமனையில்தான்.

அங்கே அந்த இயந்திரத்தை முதன்முறை நிதானமாகப் பார்த்தபோது எனக்கு ஒரு வியப்பு. பன்னிரண்டாம் வகுப்பு வேதியியலில் ‘கூழ்மப் பிரிப்பு’ என்று இரண்டு மதிப்பெண் வினா ஒன்று வருமே, நினைவிருக்கிறதா? ஒருகூறு புகவிடும் சவ்வின் வழியே சிறிய மூலக்கூறுகள் கடக்கும், பெரிய கூழ்மத் துகள்கள் கடவா. மனப்பாடம் செய்து எழுதி மதிப்பெண் வாங்கி மறந்துபோன அந்த வரி என் தாயின் கையில் குழாய் மாட்டிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தது! யூரியா சிறியது, கடந்து போகும். புரதமும் இரத்த அணுக்களும் பெரியவை, தங்கிவிடும். முடிபோல் மெல்லிய ஆயிரக்கணக்கான குழல்களுக்குள் இரத்தம் ஓட, வெளிப்புறம் தூய்மை செய்யப்பட்ட உப்பு நீர் எதிர்த்திசையில் ஓடுகிறது. நிமிடத்திற்கு அரை லிட்டர் என்று வைத்தால் நான்கு மணி நேரத்தில் 120 லிட்டர். எங்கள் வீட்டுக் கணக்கில் எட்டுக் குடம் தண்ணீர்.

‘டயாலிசிஸ்’ என்ற சொல்லை இந்தப் பொருளில் 1861-ஆம் ஆண்டு வழங்கியவர் ஸ்காட்லாந்து நாட்டு வேதியியல் அறிஞர் தாமஸ் கிரகாம். ஆம், வாயுக்களின் விரவல் விதிக்குப் பெயர் கொடுத்த அதே கிரகாம்தான். வேதியியல் படித்து என்ன ஆகப்போகிறது என்று கேட்கும் என் சித்தப்பாவுக்கு இப்போது நான் இதைத்தான் சொல்கிறேன். கிரகாம் தாளில் செய்து காட்டியது ஒரு மனித உயிரைக் காப்பாற்ற எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மானியர் பிடியிலிருந்த ஹாலந்தில், காம்பன் என்ற சிறு நகரத்தில், வில்லெம் கோல்ஃப் என்ற இளம் மருத்துவர் 1943-இல் ஒரு செயற்கைச் சிறுநீரகத்தைச் செய்தார். மரச் சட்டங்களாலான உருளை. அதைச் சுற்றி இறைச்சிக் கடையில் உறையாகப் பயன்படும் செல்லோஃபேன் குழாய். கீழே உப்பு நீர்த் தொட்டி. தொடக்கத்தில் அவரிடம் சிகிச்சை பெற்றவர்களில் ஏறக்குறைய எல்லோருமே இறந்துபோனார்கள். அவர் விடவில்லை. 1945-இல் நினைவிழந்து கிடந்த 67 வயது மூதாட்டி ஒருவர் அந்த இயந்திரத்தால் கண் விழித்தார்.

ஆயினும் அது தற்காலிகமாகச் சிறுநீரகம் நின்றவர்களுக்கே உதவியது. ஒவ்வொரு முறையும் இரத்தக் குழாயைப் புதிதாக அறுக்க வேண்டியிருந்ததால், நிரந்தரமாகச் செயலிழந்தவரை ஆண்டுக்கணக்கில் காப்பாற்ற வழியில்லை. 1960-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பெல்டிங் ஸ்கிரிப்னர் என்ற மருத்துவர், கையிலேயே நிலையாக இருக்கும்படி டெஃப்லான் குழாய் ஒன்றைப் பொருத்தினார். தோசைக்கல்லில் ஒட்டாமலிருக்கப் பூசுகிறார்களே, அதே டெஃப்லான். முதலில் அதைப் பெற்றவர் கிளைட் ஷீல்ட்ஸ் என்ற தொழிற்சாலைப் பணியாளர். சாவின் விளிம்பில் இருந்த அவர் அதன்பின் பதினோரு ஆண்டுகள் வாழ்ந்தார்.

இங்கேதான் என்னை இரவெல்லாம் தூங்கவிடாமல் செய்த செய்தி ஒன்று வருகிறது. சியாட்டிலில் 1962-இல் தொடங்கிய மையத்தில் இயந்திரங்கள் சில. கேட்டு வந்தவர்களோ பலர். யாருக்குக் கொடுப்பது? ஒரு வழக்கறிஞர், ஒரு மதகுரு, ஒரு வங்கியாளர், ஒரு குடும்பத்தலைவி, ஓர் அரசு அலுவலர், ஒரு தொழிற்சங்கத் தலைவர், ஓர் அறுவை மருத்துவர் என எழுவர் கொண்ட குழு அமர்ந்து முடிவு செய்தது. மனுச் செய்தவரின் வருமானம் என்ன, படிப்பு என்ன, மணமானவரா, எத்தனை குழந்தைகள், தேவாலயத்துக்குப் போகிறாரா என்றெல்லாம் பார்த்தார்கள். யார் வாழத் தகுந்தவர் என்று மேசையைச் சுற்றி அமர்ந்து தீர்ப்பளித்தார்கள். அதே ஆண்டு ‘லைஃப்’ இதழ் இதை எழுதி வெளிக்கொணர்ந்தபோது அந்நாடே அதிர்ந்தது. பத்தாண்டுகள் கழித்து, 1972-இல், சிறுநீரகம் செயலிழந்தோரின் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கும் சட்டம் அங்கே வந்தது.

அந்த எழுவர் முன் என் தாய் போய் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பெயர்: எழுதத் தேவையில்லை. படிப்பு: ஐந்தாம் வகுப்பு. தொழில்: தெருவோர இட்லிக் கடை. சொத்து: ஒரு கிரைண்டர், இரண்டு பானை. முதல் சுற்றிலேயே தள்ளியிருப்பார்கள். இன்று அரசு மருத்துவமனையில் அவர் காப்பீட்டு அட்டையைக் காட்டுகிறார், கட்டில் கிடைக்கிறது. இதைச் சலுகை என்று எண்ணித் தலை குனிந்து பெறுவோர் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. அந்த எழுவர் குழு கலைந்தது மனித குலத்தின் வெற்றி என்றே நினைக்கிறேன்.

ஆனால் நண்பர்களே, சியாட்டில் குழு கலைந்துவிட்டதாகச் சொன்னேனே, அது முழு உண்மையன்று. அது நம் வீடுகளுக்குள் குடிபெயர்ந்துவிட்டது! நோயாளியால் இனி எது முடியும், எது முடியாது என்று தீர்ப்புச் சொல்ல நம் வீட்டிலேயே எழுவர் அமர்ந்திருக்கிறார்கள். அந்த எழுவரில் நானும் ஒருத்தியாக இருந்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

முதல் ஐந்து மாதங்கள் அம்மாவை நான் ஒரு துரும்பைக்கூட அசைக்க விடவில்லை. கிரைண்டரைச் சாக்குப் போட்டு மூடினேன். இட்லித் தட்டுகளைப் பரண்மேல் ஏற்றினேன். “நீ படும்மா, நீ படும்மா” என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. அதை அன்பு என்றே எண்ணியிருந்தேன். அம்மா நாள் முழுவதும் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். தெருவில் யாராவது “இட்லி இருக்கா?” என்று பழக்கத்தில் கேட்டால் திடுக்கிட்டு எழுந்து உட்கார்வார். அப்பாவின் கூலி போதவில்லை. நான் கல்லூரியை விட்டு நின்று ஜவுளிக் கடைக்கு வேலைக்குப் போவதென்று முடிவு செய்து, மாற்றுச் சான்றிதழுக்கு மனு எழுதி, வேதியியல் புத்தகத்துக்குள் வைத்திருந்தேன். என் தாய்க்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அந்த மனுவை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டார்.

அன்றுபோல் அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. “நான் செத்தா போயிட்டேன்? வாரத்துல மூணு நாளு, நாலு நாலு மணி நேரம் அந்த மெஷினு எனக்காக வேல செய்யுது. மிச்ச நேரமெல்லாம் நான் என்ன, பொம்மையா? என்னைப் படுக்க வெச்சுட்டு நீ படிப்ப விடுவியா? எடுத்துக் கீழ வைடி அந்த இட்லித் தட்ட!” என்றார்.

பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். வாரத்துக்கு 168 மணி நேரம். டயாலிசிஸ் 12 மணி நேரம். மீதம் 156. அந்த 156 மணி நேரத்தையும் நோய்க்கே எழுதிக் கொடுத்தவள் நான்தான், நோய் கேட்கவில்லை.

கடையைத் திறப்பது எளிதாக இருக்கவில்லை. அம்மாவுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது காலை முறை. ஏழு மணிக்குக் கட்டிலில் இருக்க வேண்டும். இட்லி வியாபாரமோ ஆறு முதல் ஒன்பது. தயங்கித் தயங்கிச் செவிலியரிடம் கேட்டோம். அவர் ஏட்டைப் புரட்டிப் பார்த்து, நண்பகல் முறையிலிருந்த பெரியவர் ஒருவரிடம் பேசி, மாற்றிக் கொடுத்தார். ஒரு பேனாக் கோடு! அந்த ஒரு கோட்டில் எங்கள் குடும்பம் நிமிர்ந்தது. செவ்வாய், வியாழன், சனி ஆகிய நாட்களில் ஒன்பதரைக்குக் கடையைக் கட்டிவிட்டு, பெண்களுக்குக் கட்டணமில்லாத நகரப் பேருந்தில் ஏறி, பன்னிரண்டுக்குக் கட்டிலில் படுத்து, நாலுக்கு எழுந்து வருகிறார். அன்று மாலை சோர்வுதான். சில நாள் தசை பிடித்து இழுக்கும். மறுநாள் விடிந்தால் அடுப்பு எரிகிறது.

வீட்டு வேலை முறையும் மாறியது. இடது மணிக்கட்டில் தமனியையும் சிரையையும் இணைத்துத் தைத்திருக்கிறார்கள். ஃபிஸ்டுலா என்று பெயர். தொட்டால் உள்ளே அதிர்வது தெரியும். காதை வைத்தால் தொலைவில் காற்றடிப்பது போல் ஓசை கேட்கும். தினமும் காலையில் அதைத் தொட்டுப் பார்ப்பது எங்கள் வீட்டுப் பழக்கம். அந்தக் கையில் கடிகாரம், வளையல் கூடாது; இரத்த அழுத்தம் பார்க்கக் கூடாது; பாரம் தூக்கக் கூடாது. எனவே மாவுத் தூக்கைத் தூக்குவது நான், தண்ணீர் எடுப்பது அப்பா. வார்ப்பதும் எடுப்பதும் காசு வாங்கிப் போடுவதும் அம்மாவின் ஆட்சி.

உணவைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம். காய்களை நறுக்கி நிறைய நீரில் வேகவைத்து அந்த நீரைக் கொட்டிவிட்டால் பொட்டாசியம் குறைகிறது. ஊறுகாய், அப்பளம், கருவாடு ஒதுக்கியாயிற்று. இட்லி பாதகமில்லை, சாம்பாரும் தேங்காய்ச் சட்னியும் தொட்டுக்கொள்ளும் அளவுக்கே. தண்ணீர்தான் பெரும் சோதனை. அம்மாவுக்கு விதித்திருப்பது நாளுக்கு முக்கால் லிட்டர், மாத்திரை விழுங்குவது உட்பட. நெருப்பின் முன் நிற்பவருக்கு முக்கால் லிட்டர்! ஒரு பாட்டிலில் காலையிலேயே அளந்து ஊற்றி வைத்துக்கொள்வார். மிகவும் தாகமென்றால் வாய் கொப்பளித்துத் துப்புவார். வாடிக்கையாளருக்குச் சொம்பு சொம்பாகத் தண்ணீர் மொண்டு கொடுத்துக்கொண்டே தாம் குடிக்காமலிருப்பதைப் பார்க்கும்போது, எங்கள் கெமிஸ்ட்ரி ஆய்வகத்தில் பியூரெட்டில் ஒரு சொட்டுக் கூடிப்போனதற்கு நான் அலுத்துக்கொள்வது நினைவுக்கு வந்து நாணுவேன்.

கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன அந்த வாடிக்கையாளர்கள்? சிறுநீரகச் செயலிழப்பு தொற்று நோயன்று. ஒருவர் கையால் சுட்ட இட்லியால் இன்னொருவருக்கு வராது. இதை அம்மா யாரிடமும் வாதாடவில்லை. முதல் வாரம் எண்பது இட்லிக்கு மாவரைத்து முப்பதுதான் விற்றது. மீதியை வாளியில் போட்டுத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனார். டயாலிசிஸ் பிரிவுச் செவிலியர்களும் ஊழியர்களும் வாங்கிச் சாப்பிட்டார்கள். மறு வாரம் அவர்களே சொல்லி அனுப்பினார்கள். ‘ஆஸ்பத்திரி நர்சம்மாவே அவ கையால சாப்பிடுது’ என்ற செய்தி ஒருநாள் தெருவுக்கு வந்து சேர்ந்தது. தெரு திரும்பி வந்தது. எல்லோரும் அல்லர். மூன்று குடும்பங்கள் இன்னும் அடுத்த தெருவுக்குத்தான் போகின்றன. போகட்டும்.

டயாலிசிஸில் இருந்துகொண்டே பெரிய காரியம் செய்தவர் யாருமில்லையா என்று கேட்பவர்களுக்கு ஒருவரைச் சொல்கிறேன். 1975-இல் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டபோது கைதான ஜெயப்பிரகாஷ் நாராயண், சண்டிகரில் காவலில் இருந்தபோது சிறுநீரகங்கள் செயலிழந்தார். நவம்பரில் விடுதலையானபோது அவருக்கு 73 வயது. பம்பாய் ஜஸ்லோக் மருத்துவமனையில் சேர்ந்தார். அதன்பின் டயாலிசிஸ்தான் வாழ்வு. அந்நிலையிலேதான் 1977 தேர்தலுக்காக எதிர்க்கட்சிகளை ஒன்றுசேர்த்தார். ஊர் ஊராகப் பேசினார். மார்ச்சில் இந்தியாவின் ஆட்சியே மாறியது. 1979 அக்டோபரில் மறையும்வரை அவர் சொல்லுக்கு நாடு காது கொடுத்தது. அவருடைய அரசியலை ஏற்பவர் ஏற்கலாம், மறுப்பவர் மறுக்கலாம். ஆனால், நாளில் பாதியை மருத்துவத்துக்குக் கொடுத்தவரால் என்ன முடியும் என்று இனி யாரும் என்னிடம் கேட்க வேண்டாம்.

இவ்வளவு சொன்னதால் டயாலிசிஸ் என்பது இன்பச் சுற்றுலா என்று எண்ணிவிடாதீர்கள். அது நோயைக் குணப்படுத்துவதில்லை. சிறுநீரகம் செய்யும் வேலையில் ஒரு பகுதியைத்தான் செய்கிறது. வாரத்தில் ஒருநாள் தவறினாலும் நுரையீரலில் நீர் கோக்கக்கூடும். அம்மாவின் பக்கத்துக் கட்டிலில் செல்போன் பழுது பார்க்கும் அண்ணன் ஒருவர் இருந்தார். ஊசி குத்தாத கையால் எல்லோர் போனையும் சரி செய்து கொடுப்பார். சென்ற ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை அந்தக் கட்டிலில் வேறொருவர் படுத்திருந்தார். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. அன்று பேருந்தில் வரும் வழியெல்லாம் ஒன்றும் பேசவுமில்லை. மறுநாள் கடை வழக்கம்போல் ஆறு மணிக்கு.

மாற்றுச் சிறுநீரகம் பொருத்தலாமே என்பீர்கள். 1984-இல் எம்.ஜி.ஆர். அவர்களுக்கு அண்ணன் மகள் சிறுநீரகம் தந்து அமெரிக்காவில் பொருத்திய கதையை எங்கள் தெருப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். இந்தியாவிலேயே 1971-இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் வெற்றிகரமாகச் செய்துவிட்டார்கள். அப்பாவுக்கு இரத்த அழுத்தம், ஆகாது என்றார்கள். நான் தருகிறேன் என்றேன். சட்டப்படி மகள் தரலாம். அம்மா சம்மதிக்கவில்லை, இன்றுவரை சம்மதிக்கவில்லை. இதில் யார் பக்கம் நியாயம் என்று நானும் அவரும் வாரத்துக்கு ஒருமுறை சண்டை போடுகிறோம். மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புகளைப் பெறும் திட்டம் நம் மாநிலத்தில் 2008 முதல் நடக்கிறது. அதில் அம்மாவின் பெயரைப் பதிந்திருக்கிறோம். வரிசை நீண்டது.

இனி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். டயாலிசிஸில் இருப்பவர் முழு வாழ்வு வாழ முடியுமா என்ற கேள்வியை நாம் நோயாளியிடமே கேட்டுக்கொண்டிருக்கிறோம். மன உறுதி வேண்டும், தன்னம்பிக்கை வேண்டும் என்று அவருக்கே உபதேசமும் செய்கிறோம். என் தாய்க்கு மன உறுதி முதல் நாளே இருந்தது. இல்லாமலிருந்தது நண்பகல் முறை ஒன்றுதான். எனவே கேள்வியை மற்றவர்களிடம் கேட்க வேண்டும் என்பதே என் வாதம். மாவட்டத் தலைநகருக்கு வெளியே உள்ள மருத்துவமனைகளிலும் மாலையிலும் இரவிலும் டயாலிசிஸ் செய்ய ஆளும் இயந்திரமும் இருந்தால், எத்தனை கொத்தனார்கள், எத்தனை ஓட்டுநர்கள் பகலில் வேலைக்குப் போகலாம்! வயிற்றறைக்குள் நீர்மத்தைச் செலுத்தி வீட்டிலேயே செய்துகொள்ளும் முறையும் உண்டு. அதற்கான பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருவது 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இருக்கிறது. நல்ல செயல். ஆனால் அதற்குத் தூய்மையான தனியிடம் வேண்டும். அடுப்பும் படுக்கையும் ஒரே அறையில் இருக்கும் எங்களைப் போன்ற வீடுகளுக்கு அது கைக்கெட்டவில்லை.

சட்டத்திலும் ஒரு குறை காண்கிறேன். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டிருக்கிறார்கள். தலசீமியாவும் ஹீமோஃபிலியாவும் அதில் உள்ளன. மிகவும் சரி. வாரம் மூன்று நாள் இயந்திரத்தோடு பிணைக்கப்பட்டவர் அதில் இல்லை. அதனால் அவருக்காக வேலை நேரத்தை மாற்றிக் கொடுக்கும்படி முதலாளியைக் கேட்க அந்தச் சட்டம் துணைக்கு வருவதில்லை. அம்மாவுக்கு முதலாளி இல்லை, தம் கடைக்குத் தாமே முதலாளி, தப்பித்தார். செல்போன் அண்ணன் முதலில் ஒரு பெரிய கடையில் சம்பளத்துக்கு இருந்தவர். மாதத்தில் பன்னிரண்டு நாள் விடுப்பு யார் தருவார் என்று நிறுத்திவிட்டார்கள். பன்னிரண்டு நாளும் முழு நாளாக வேண்டியதில்லை, நேரத்தை மாற்றினால் போதும் என்று அவர் கெஞ்சியிருக்கிறார்.

நம் கல்லூரிக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்கு ஆண்டுதோறும் கிராமங்களுக்குப் போகிறோம், கோயில் வளாகத்தைத் துப்புரவு செய்கிறோம், மரம் நடுகிறோம். இவ்வாண்டு அத்துடன் சுகாதார நிலையச் செவிலியரை அழைத்து, நாற்பது வயது கடந்தவர்களுக்கெல்லாம் இரத்த அழுத்தம் அளந்து, சிறுநீரில் புரதமும் இரத்தத்தில் சர்க்கரையும் இருக்கிறதா என்று பார்க்க ஏற்பாடு செய்யலாம். மணிக்கட்டில் ஊசி ஏறுமுன் அறிந்தால் மாத்திரையிலும் உணவிலும் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடலாம். வலி மாத்திரையைச் சீட்டில்லாமல் வாங்கித் தின்னும் தாய்மார்கள் நம் ஒவ்வொருவர் வீட்டிலும் இருக்கிறார்கள். இன்று மாலையே போய் மாத்திரைப் பெட்டியைத் திறந்து பாருங்கள். என் தாய்க்கு நான் பார்க்கவில்லை.

காப்பீட்டு அட்டையையும் என் முதல் பட்டதாரிச் சான்றிதழையும் அம்மா ஒரே நெகிழி உறையில் போட்டு, அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருக்கிறார். ஏன் இரண்டையும் ஒன்றாக வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். “ரெண்டும் தொலையக் கூடாதுல்ல” என்றார்.

இக்கட்டுரையை நேற்றிரவு அவருக்குப் படித்துக் காட்டினேன். ஆட்சேபம் ஒன்றே ஒன்று: மூன்று குடும்பங்கள் வரவில்லை என்று எழுதியிருக்கிறாயே, அதில் ஒரு வீட்டிலிருந்து போன ஞாயிறன்று பையன் வந்து பத்து இட்லி வாங்கிப் போனான், திருத்து என்றார். திருத்திக்கொள்கிறேன்: இரண்டு குடும்பங்கள். ஞாயிற்றுக்கிழமையும் கடை உண்டு, கல்லூரிப் பிள்ளைகளுக்குச் சாம்பார் கேட்ட அளவு என்பதையும் எழுதச் சொன்னார்.